கரடிச்சுனைக்குத் தைத்த பை

ரெக்சின் துண்டின் ஓரத்தை இடது கைப் பெருவிரல் மடித்துக்கொண்டே போனது. மடிப்பு ஒரு நகத்தளவு அகலம். எங்கேயாவது அது நூலளவு கூடினாலும் பெருவிரல் நின்றுவிடும், திரும்பி வரும், மடிப்பைப் பிரித்து, நீவி, மறுபடி மடிக்கும். வலது கை பின்னாலேயே வந்து சாக்பீஸால் கோடு இழுத்தது. கொஞ்சம் தள்ளி ஓர் ஆட்டோ, கூரைத்துணி கழற்றப்பட்டு, முடியிறக்கிய குழந்தை மாதிரி வெயிலில் நின்றது. அதன் சொந்தக்காரர், "அண்ணா, அர்ஜென்ட்ணா. ஏர்போர்ட் சவாரி கீது" என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தார். கைகள் நிற்கவில்லை.

அந்தக் கைகள் லோகுவுடையவை. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருமுனையில் ஆட்டோ கூரையும் சீட்டும் தைக்கிறவன். தாய்மாமன் கடையில் ஊசி பிடிக்கக் கற்றான். மற்றதெல்லாம் பிறர் தைத்ததைப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது. நல்ல பை ஒன்றைக் கண்டால் அவனால் அதைப் பிரிக்காமல் இருக்க முடியாது. மனைவியின் தங்கை ஒருமுறை விருந்துக்கு வந்தபோது, அவள் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவளுடைய ஹேண்ட்பேக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருந்தான். திரும்பத் தைத்தும் கொடுத்தான், முன்பைவிட உறுதியாகவே. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குத் துணிக்கடை பிளாஸ்டிக் கவரோடுதான் வருகிறாள்.

அன்று அவன் கையில் இருந்ததும் ஒரு பைதான். ஆனால் அது எதற்கென்று சொல்ல அசரியா சாருக்கு அரை மணி நேரம் பிடித்தது.

அசரியா சார் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரும் தாம்பரத்துக்காரர்கள் சிலரும் மழைக்காலம் முடிந்ததும் வேலூருக்கு மேற்கே உள்ள மலைகளில் முகடு முகடாக ஒரு வாரம் நடப்பார்கள். சும்மா நடக்கிற கூட்டம் இல்லை. ஆளுக்கொரு அரிவாளோடு போய், காட்டை மூடிக்கொண்டு வரும் உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். செடி போன இடத்தில் புல் வரும். புல் வந்தால் மான் வரும். கூடாரம் கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும் என்று ஒரு தடவை லோகுவைக் கூட்டிப் போனார் சார். முதல் நாள் அவன் செருப்பு அறுந்தது, இரண்டாம் நாள் அட்டை கடித்தது, மூன்றாம் நாள் கரடிச்சுனை என்ற இடத்தில் பாறைக்கடியிலிருந்து ஊறும் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. காலையிலிருந்து அவனிடம் ஒருத்தரும் அர்ஜென்ட் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் சார் கூப்பிடாமலே கடையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அந்தக் கரடிச்சுனைக்குத்தான் இப்போது பூட்டு விழ இருந்தது. பாதையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஊர் ஊராக ஆட்கள் நடக்க வர ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காலையில் சுனையைச் சுற்றியே ஒதுங்கினார்கள். மழை பெய்தால் அது சுனைக்கு இறங்கியது. மண்ணில் புதைத்ததைப் பன்றி தோண்டியது. வாடைக்குக் கரடி கீழே வந்தது. வனவர் சுகுமார் கண்டிப்பானவர். சாரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நீங்க செடி புடுங்கறது எனக்கு உதவிதான் சார். ஆனா சுனை கெட்டா உதவி என்ன, உபத்திரவம் என்ன. தை மாசம் ஒரே ஒரு தடவை விடறேன். மேல போறது மொத்தமும் திரும்பக் கீழ வரணும். மொத்தம்னா மொத்தமும். வாடை அடிச்சா கரடி பின்னாடியே வரும். அப்படி ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பக்கம் யாருக்கும் வழி கிடையாது, உங்களுக்கும் சேத்துதான்."

சார் நேரே லோகுவின் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, "ஒரு பை வேணும் லோகு" என்றார்.

"இன்னா வைக்க சார்?"

"அதாவது... ஒரு மனுஷன் சாப்பிடுறான்ல?"

"டிபன் பாக்ஸா?"

"அது மேல போறப்போ. நான் கீழ வர்றப்போ சொல்றேன்."

"காலி டிபன் பாக்ஸா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஒளியும் ஒலியும் நடத்தியவருக்கு இந்த ஒரு பொருளைப் பேர் சொல்லி அழைக்க வாய் வரவில்லை. கடைசியில் வனவர் சொன்னதை முழுக்கச் சொல்லி, "மொத்தமும்னா புரிஞ்சுக்கோ" என்று முடித்தார். முதலில் ஒரு காகிதப் பையில் மரத்தூளோடு போட்டு மடிப்பது, அதைத் தண்ணீரோ வாடையோ கசியாத வெளிப்பையில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவது என்பது திட்டம். வெளிப்பைதான் லோகுவின் வேலை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது மனைவி புஷ்பலதா கைவேலையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவள் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக்கடை வைத்திருக்கிறாள்.

"மலைக்குப் போறவன் விபூதி கொண்ணாருவான், தேன் கொண்ணாருவான். நீ இத்தயா கொண்ணாரப் போற?"

"கொண்ணாரலன்னா சுனைய மூடிருவாங்க புஷ்பா."

"சுனைய மூடுனா இன்னாய்யா, இங்க கொழாயில தண்ணி வர்ல?"

லோகு இன்ச் டேப்பை எடுத்து விரித்தான். பேச்சின் நடுவில் அவன் டேப்பை எடுத்தால் விஷயம் பெரிது என்று புஷ்பலதாவுக்குத் தெரியும். முறத்தில் இருந்த கருவாட்டைக் கிளறிக்கொண்டே, "வாட வருதா வர்லயான்னு எப்டி பாப்ப?" என்று கேட்டாள்.

"அதான் தெர்ல."

"திருக்கைய போட்டுப் பாரு. சரியா காயாத திருக்கைக் கருவாடு. அத்த அடக்கிட்ட பைன்னா உலகத்துல எத்தையும் அடக்கும்."

முதல் பை அப்படித்தான் பரீட்சைக்கு வந்தது. ஆட்டோ கூரைக்கு வாங்கிய ரெக்சினில் நல்லதாகப் பார்த்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, வாயில் சுருக்குக் கயிறு வைத்தான். உள்ளே ஈரம் போகாத திருக்கைத் துண்டுகள். பையைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டினார்கள். இரண்டு நாள் அதன் கீழேயே படுத்து எழுந்தார்கள். லோகு முகர்ந்து பார்த்தான்: ஒன்றும் இல்லை. புஷ்பலதா முகர்ந்தாள்: ஒன்றும் இல்லை. மாடி வீட்டிலிருந்து அவள் அண்ணி வந்து முகர்ந்துவிட்டு, "ரெக்சின் வாடதான் அடிக்குது" என்று தீர்ப்புச் சொன்னாள். அண்ணியும் கருவாட்டு வியாபாரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை லோகு திருக்கையும் பையுமாக அசரியா சார் வீட்டுக்குப் போனான். அங்கே வீட்டு ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள், எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். குறுக்கே பேசக் கூடாது என்று லோகு பையை மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியடியில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

ஜெபம் செய்துகொண்டிருந்த பெரியவர் வேதசிரோமணி தேசத்துக்காகவும் தலைவர்களுக்காகவும் வேண்டி முடித்து, நோயாளிகளுக்கு வந்திருந்தார். அங்கே ஒரு தடங்கல் ஏற்பட்டது. மூக்கைச் சுருக்கினார். தொடர்ந்தார். முன்வரிசையில் ஒரு கண் திறந்தது. அது பக்கத்து ஆளைப் பார்த்தது. பக்கத்து ஆளின் கண்ணும் திறந்து இதையே பார்த்தது. இரண்டும் மரியாதையாக மூடிக்கொண்டன. சாரின் மனைவி பியூலா டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்தி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எலி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். விருந்தாளிகள் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் கண்ணில் நீர் வர, பக்கத்திலிருந்தவர்கள் அதை ஜெபத்தின் வல்லமை என்று எடுத்துக்கொண்டார்கள். வேதசிரோமணி நோயாளிகள் எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டு ஆமென் சொன்னார். அவர் ஜெபம் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததாக அந்தச் சபையில் யாருக்கும் நினைவில்லை.

கூட்டமாகச் சேர்ந்து ஃப்ரிட்ஜை நகர்த்தினார்கள். எலி இல்லை. அலமாரியை நகர்த்தினார்கள். லோகுவும் ஒரு பக்கம் பிடித்து உதவி செய்தான்.

"இன்னா சார் தேடுறீங்க?"

"நாத்தம் வரலையா லோகு உனக்கு?" என்றார் சார்.

"இன்னா நாத்தம்?"

சார் அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கூடத்துக்குத் திரும்பிப் போய், குனிந்து, நாற்காலியடியைப் பார்த்தார்.

பையைத் தெருவுக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு இருவரும் கேட்டருகே நின்றார்கள். லோகுவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ரெண்டு நாள் தலைக்கு மேல மாட்டிகினு படுத்தோம் சார். மூணு பேர் மோந்து பாத்தோம்."

"யார் யாரு?"

சொன்னான். சார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

"லோகு, உங்க வீட்டு மூக்கு எதுக்கும் கருவாடுன்னா என்னன்னே தெரியாது. தினமும் அதுக்குள்ளயே இருக்கீங்க. மீன் கிட்ட போய்த் தண்ணி ஈரமா இருக்கான்னு கேட்ட மாதிரிதான்." சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கியது. "தை மாசம் கிட்ட வந்துடுச்சுப்பா. இந்தப் பைய நம்பி மேல போயிருந்தா சுகுமார் அன்னிக்கே பூட்டியிருப்பார்."

மறுநாள் லோகு பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போனான். வாயால் ஊதி, கயிற்றை இறுக்கி, டியூப் முக்குகிற தொட்டியில் அமுக்கினான். பையைச் சுற்றி, தையல் போன வழியெல்லாம், முத்துமாலை மாதிரிக் குமிழிகள் எழுந்தன. ஒவ்வொரு ஊசித் துளையும் மூச்சு விட்டது. கயிறு கட்டிய வாய் சோடா பாட்டில் மாதிரிப் பொங்கியது. ஆட்டோ கூரை காற்றை அடக்க வேண்டியதில்லை. அதனால் இத்தனை வருஷம் அவன் இதை யோசித்ததே இல்லை. தன் தையலைத் தானே இப்படிப் பார்ப்பது அவனுக்கு என்னவோ போலிருந்தது. ஊசியே ஆகாது என்று அங்கேயே முடிவுக்கு வந்தான்.

ஊசி இல்லாமல் ஒட்டுவதென்றால் ஃப்ளெக்ஸ். பேனர் கடைக்காரர்கள் ஹீட் கன்னால் உருக்கி ஒட்டுகிற ஒட்டில் துளி காற்று போகாது. பழைய பேனர் தாம்பரத்தில் கேட்டால் லாரியோடு தருவார்கள். உள்பைக்கு அதுவே போதும், வெளியே ரெக்சின் உறை போட்டுக்கொள்ளலாம். ஆனால் லோகு ஒரு சிக்கலில் மாட்டினான். எந்தப் பேனரைப் பிரித்தாலும் ஒரு முகம் சிரித்தது. பிறந்தநாள் கொண்டாடும் முகம், காது குத்திக்கொள்ளும் முகம், பூப்படைந்த பெண்ணின் முகம், கட்சி மாறிய முகம், காலமான முகம். பை என்ன வேலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு ஒரு மனுஷன் முகத்தை அதற்குள் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"கிழிஞ்ச பேனர் தான லோகண்ணா, யார் பாக்கப் போறா?" என்றார் பேனர் கடைக்காரர்.

"போடுறவன் பாப்பான் இல்ல? குனிஞ்சா நேரா தெரியும்."

பம்மலிலும் பொழிச்சலூரிலும் தேடினான். முகமில்லாத பேனர் அந்த வட்டாரத்திலேயே கிடைக்காது போலிருந்தது. கடைசியில் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுமனை விளம்பரம் அகப்பட்டது. பச்சைப் புல், நேரான ரோடு, ஓரத்தில் தென்னங்கன்று, மேலே 'அமைதியான சூழல், இன்றே குடியேறலாம்'. அதை வெட்டி, பேனர் கடையிலேயே உட்கார்ந்து, ஓரத்தோடு ஓரம் உருக்கி ஒட்டினான். வாய்க்குக் கயிறு வேண்டாம் என்று விட்டான். பதிலாக ஒரு பட்டையைச் சுற்றிப் பாயைச் சுருட்டுகிற மாதிரி மூன்று சுருட்டு சுருட்டி இரண்டு பக்கமும் கொக்கி போட்டான். தொட்டியில் முக்கினால் தண்ணீர் அசையாமல் இருந்தது. முட்டியை வைத்து அழுத்தினான். ஒரு குமிழி வரவில்லை.

இனி வேண்டியது கருவாடு தெரிந்த மூக்கு, ஆனால் பழகாத மூக்கு. யோசனை புஷ்பலதாவுடையதுதான்.

"கிருத்திக அன்னிக்கு குன்றத்தூர் முருகன் கோயில் பஸ்ஸுல போவோம். எல்லாம் விரதத்துல கீறவங்க. முட்ட வாட வந்தாலே மூஞ்ச சுளிப்பாங்க. அவங்களுக்குத் தெர்லன்னா கரடிக்குத் தெரியாது."

கிருத்திகையன்று அவள் சீயக்காய் தேய்த்துக் குளித்து, பெட்டியடியில் இருந்த மஞ்சள் புடவையை எடுத்துக் கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டாள். தன் வாடை பையின் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது என்பது எண்ணம். அசரியா சாரும் நடுநிலைச் சாட்சியாக அதே பஸ்ஸில் ஏறி, தெரியாதவர் மாதிரிப் பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு வந்தார். பஸ் நிறையக் காவியும் மஞ்சளும் விபூதியும். லோகுவின் மடியில் பை. உள்ளே திருக்கை. வெளியே டிசம்பர் மாதத்திலும் நல்ல வெயில்.

பல்லாவரம் போனது. ஒருத்தரும் திரும்பவில்லை. பம்மல் போனது. பக்கத்து சீட்டு அம்மா கந்தன் பேரைச் சொல்லி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே லோகுவின் பை மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். லோகு மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். பின்சீட்டுப் பேப்பர் கொஞ்சம் இறங்கி, சாரின் கண்கள் தெரிந்தன. அவை சிரித்தன.

இத்தோடு இறங்கியிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். புஷ்பலதாவால் முடியவில்லை. அந்த அம்மா கண் விழித்ததும் தோளைத் தட்டினாள்.

"நீங்க தல வச்சி தூங்குனீங்களே, அதுக்குள்ள இன்னா கீது சொல்லுங்க பாப்போம்."

"அர்ச்சன சாமானாம்மா?"

"திருக்கைக் கருவாடு."

"கோயிலுக்குப் போறப்ப வெளையாடாதம்மா."

"மெய்யாலுமே. என் வூட்டுக்காரர் தச்ச பை."

முன்சீட்டில் ரெண்டு பேர் திரும்பினார்கள். ஒருத்தர் முகர்ந்துவிட்டு, "சும்மா கத வுடுது" என்றார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நெருங்கி வந்தார்.

"கருவாடா? பஸ்ஸுல ஏத்தக் கூடாது தெரியும்ல?"

"வாட அடிச்சாதான கூடாது?" என்றாள் புஷ்பலதா. "அடிக்குதா?"

கண்டக்டர் குனிந்து பையை முகர்ந்தார். நாலாபக்கமும் முகர்ந்தார். "இல்லயே. கருவாடே இல்லம்மா இது. எதுக்குப் பேஜார் பண்ற? தொற பாப்போம்."

"வேணாம் சார்" என்றான் லோகு.

"தொறய்யா. உள்ள வேற எதனா கீதா?"

மொத்த பஸ்ஸும் இப்போது பையைப் பார்த்தது. பொய்க்காரி என்ற பேர் தன் பெண்டாட்டிக்கு வருவதா, வேறு எதையோ கடத்துகிறவன் என்ற பேர் தனக்கு வருவதா என்று லோகு ஒரு நொடி யோசித்தான். கொக்கியைத் தளர்த்தினான். முதல் சுருட்டைப் பிரித்தான். இரண்டாவதைப் பிரித்தான். மூன்றாவது சுருட்டு தானாகவே பிரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடியாது. பால்செம்போடு வந்தவர் ஒருவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே பாதி போயிருந்தார். டிரைவர் யாரும் சொல்லாமலே அனகாபுத்தூரில் ஓரங்கட்டினார். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல், கையாலேயே வாசலைக் காட்டினார். லோகுவும் புஷ்பலதாவும் இறங்கினார்கள். பின்சீட்டிலிருந்து பேப்பரை மடித்துக்கொண்டு அசரியா சாரும் எழுந்தார்.

"உங்கள யாரும் எறங்கச் சொல்லலியே சார்" என்றார் கண்டக்டர்.

"நானும் அவங்க கூடத்தான் வந்தேன்" என்று தலை குனிந்து சொன்னார் சார். அவ்வளவு பெரிய பொய்யைப் பஸ் ஏறியதிலிருந்து சுமந்து வந்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

பஸ் போன பிறகு மூன்று பேரும் ரோட்டோரம் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு லோகு பையைச் சுருட்டிக் கொக்கி போட்டான். சார் கிட்டே வந்து முகர்ந்தார். ஒன்றும் இல்லை. "தலைக்கு ஒண்ணு பண்ணிடு" என்றார்.

தை மாதம் மலையேறினார்கள். உண்ணிச்செடி பிடுங்கினார்கள். கரடிச்சுனையில் தங்கி, வனவர் சொன்னபடியே செய்தார்கள். காலையில் பாறை மறைவிலிருந்து வருகிற ஒவ்வொருவரும், உள்ளே தெரிந்த அமைதியான சூழலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை. லோகு எல்லார் பையின் சுருட்டையும் தன் கையால் சரிபார்த்துக் கட்டிக்கொடுத்தான். எந்தப் பை யாருடையது என்ற கூச்சமெல்லாம் இரண்டாம் நாளே போய்விட்டது. கரடி வரவில்லை. பன்றிகூட வரவில்லை.

கீழே செக்போஸ்ட்டில் வனவர் சுகுமார் இல்லை, ரவுண்டு போயிருந்தார். முதுகுச் சுமையை இறக்கிப் பைகளை மட்டும் வாசல் பெஞ்சில் வரிசையாக அடுக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வியர்க்க வியர்க்க வந்தார். வணக்கம் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. நடந்த களைப்பில், அடுக்கியிருந்ததில் ஒன்றை முதுகுக்கு வாகாக இழுத்து வைத்துக்கொண்டு சாய்ந்தார். அசரியா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோகு கொக்கியையே பார்த்தான். தொட்டியில் முட்டியை வைத்து அழுத்தியது சரி. இது வனவரின் முழு எடை.

டீயை நிதானமாகக் குடித்து முடித்தார் சுகுமார். மூக்கை உறிஞ்சி ஒருமுறை காற்றைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க சார். மொத்தத்தையும் கொண்டு வந்தீங்களா, இல்ல வழக்கம்போலப் புதைச்சிட்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்தோம்."

"எங்க?"

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். கடைசியில் லோகுதான் சொன்னான். "நீங்க சாஞ்சுகினு கீறீங்களே. அதான் சார்."

சுகுமார் அசையவில்லை. முகம் மட்டும் ஒவ்வொரு நிறமாக மாறியது. பிறகு மெதுவாக, பாம்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கிற மாதிரி, முதுகை நிமிர்த்தி எழுந்தார். திரும்பி நின்று பையைப் பார்த்தார். குனிந்தார். முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். வரிசை முழுக்க முகர்ந்து முடித்து நிமிர்ந்தபோது அவர் மீசைக்குக் கீழே ஏதோ துடித்தது.

"இது யாரு தச்சது?"

"தைக்கல சார். ஒட்டுனது. ஊசி வச்சா மூச்சு விடும்" என்றான் லோகு.

வனவர் மலைப்பக்கம் கையைக் காட்டினார். "வழி திறந்தே இருக்கட்டும்" என்றார். "பையோட வர்றவனுக்கு மட்டும். பை இல்லாதவன இங்கயே திருப்பி அனுப்பிடுவேன். என் ஃபாரஸ்ட் கார்டுங்களுக்கும் வேணும், சொல்லி வைங்க." பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "குழி பின்னாடி வெட்டி வச்சிருக்கேன். மொத பைய நானே கொண்டு போறேன். குடுய்யா."

லோகு வரிசையிலிருந்து தன்னுடையதை எடுத்தான். சுருட்டை ஒருமுறை விரலால் நீவிப் பார்த்தான். நேராக இருந்தது.

"கொக்கி மேல பாத்து இருக்கணும் சார். சாய்க்காம புடிங்க" என்று சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்தான்.